குளிர்காலத்தில் நண்பர்களோடு நார்வே கடலோரக் கப்பலில் போகலாமா? இருட்டில் என்ன தெரியும்?

கேள்வியில் மூன்று ஐயங்கள் இருக்கின்றன. நார்வேயின் தென்மேற்கிலுள்ள பெர்கனிலிருந்து வடகிழக்குக் கோடியிலுள்ள கிர்கெனஸ் வரை குளிர்காலத்தில் போனால் இருட்டில் பார்க்க என்ன இருக்கிறது? வடக்கு வானில் இரவில் ஆடும் துருவ ஒளி தெரியாமல் போனால் செலவு வீணா? கடல் கொந்தளித்தால் தாங்க முடியுமா? நாங்கள் நண்பர்கள் நால்வர், ஓஸ்லோவில் வேலை பார்த்துப் பழகியவர்கள், ஒரு பிப்ரவரித் தொடக்கத்தில் அந்த வழியில் போனோம். தாராளமாகப் போங்கள் என்பதே என் பதில். துருவ ஒளியை மட்டும் நம்பிப் போகாதீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

விளம்பரப் படங்களைப் பார்த்தால் இது உல்லாசக் கப்பல் என்று தோன்றும். உண்மையில் இது அந்தக் கடற்கரையின் அன்றாடப் போக்குவரத்து. பெர்கனிலிருந்து ரஷ்ய எல்லைக்கு அருகிலுள்ள கிர்கெனஸ் வரை 34 துறைமுகங்கள். 2021 முதல் ஹூர்டிக்ருட்டன், ஹாவிலா என்ற இரண்டு நிறுவனங்கள் அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, ஆண்டு முழுவதும் இதை ஓட்டுகின்றன. நம்மைப் போன்ற பயணிகள் மேல்தளத்தில் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது, அடுத்த ஊரில் மருத்துவரைப் பார்க்கப் போகும் பாட்டியும் கால்பந்து ஆடப் போகும் பள்ளிப் பிள்ளைகளும் ஏறி இறங்குவார்கள். கீழ்த்தளத்தில் சரக்கு ஏறும்.

இருட்டைப் பற்றிக் கேட்டீர்கள். இந்தக் கப்பல் வழி பிறந்ததே இருட்டை வெல்வதற்காகத்தான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நடு நார்வேயின் டிரோன்ஹெய்மிலிருந்து வடகோடியிலுள்ள ஹாமர்ஃபெஸ்டுக்குக் கடிதம் போய்ச் சேரக் கோடையில் மூன்று வாரம் ஆகும், குளிர்காலத்தில் ஐந்து மாதம்கூட ஆகும். டிரோன்ஹெய்முக்கு வடக்கே அப்போது இருந்தவை இரண்டு கடல் வரைபடங்களும் 28 கலங்கரை விளக்கங்களும்தான். அங்கே இரவில் கப்பல் ஓட்ட முடியாது என்று மற்ற கப்பல் நிறுவனங்கள் ஒதுங்கிக்கொண்டன. ரிச்சர்ட் வித் என்ற கேப்டன் மட்டும் முடியும் என்றார். அவரும் வழிகாட்டி மாலுமி ஆண்டர்ஸ் ஹோல்தேயும் அந்தக் கடலில் போகும்போதெல்லாம் திசை, வேகம், ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஆகும் நேரம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் திசைகாட்டியும் கடிகாரமும் அந்தக் குறிப்பேடும் போதும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. 1893 ஜூலை 2ஆம் தேதி காலை ‘வெஸ்டரோலன்’ என்ற நீராவிக் கப்பல் டிரோன்ஹெய்மிலிருந்து புறப்பட்டது. சுமார் 67 மணி நேரத்தில் ஹாமர்ஃபெஸ்டை அடைந்தது. அவர்களுடைய துணிவை நினைத்துக்கொண்டு இரவில் முன்தளத்தில் நின்று பாருங்கள், பயணமே வேறாகிவிடும்.

அங்கே நின்றால் என்ன தெரியும் என்பதையும் சொல்கிறேன். நார்வே கடலோர விளக்குகள் திசைக்கொரு நிறம் காட்டுபவை. சரியான பாதையில் வருகிற கப்பலுக்கு வெள்ளை ஒளி தெரியும். விலகினால் சிவப்போ பச்சையோ தெரியும். தீவுகளுக்கு இடையில் கப்பல் வளைந்து செல்லும்போது, எதிரே பச்சையாக இருந்த புள்ளி மெல்ல வெள்ளையாக மாறும். அப்போது கப்பல் வழிக்கு வந்துவிட்டது என்று உங்களுக்கே புரியும். மேல்தட்டில் இருக்கும் மாலுமி படிக்கும் அதே எழுத்தை நீங்களும் படிக்கிறீர்கள். இதை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஊர் திரும்பிக்கொண்டிருந்த ஒரு முதிய மீனவர். அதன் பிறகு எங்களில் யாரும் சீக்கிரம் தூங்கப் போகவில்லை.

பகல் அடியோடு இல்லாமல் போவதும் எல்லா மாதங்களிலும் அல்ல. வடக்கு நார்வேயின் ட்ரொம்சோ நகரில் நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் எழாது. அப்போதும் நண்பகலை ஒட்டிச் சில மணி நேரம் வானம் ஊதாவும் இளஞ்சிவப்புமாக வெளுக்கும், பனி மூடிய மலைகள் நீலமாக நிற்கும். தேதியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால் ஜனவரி இறுதிக்குப் பிறகு போங்கள். சூரியன் திரும்பியிருக்கும். பேரன்ட்ஸ் கடலிலிருந்து முட்டையிட வரும் காட் மீன் லொஃபோட்டன் தீவுகளை அடைந்திருக்கும். அங்குள்ள ஸ்வோல்வாரில் படகுகள் நிறைய மீனோடு வருவதையும், மரச் சட்டங்களில் மீனை இணை இணையாகத் தொங்கவிட்டு உலர்த்துவதையும் பார்க்கலாம். உப்பே இடாமல் குளிர்காற்றில் மட்டும் உலரும் மீன் அது. வழியில் ஓலெசுண்டிலும் இறங்கி நடங்கள். 1904 ஜனவரியில் ஒரே இரவில் எரிந்துபோன ஊர். பத்தாயிரம் பேர் அளவில் வீடிழந்தார்கள். சில ஆண்டுகளுக்குள் கல்லாலும் செங்கல்லாலும் மறுபடி கட்டிய தெருக்களில், கோபுரங்களும் பூ வேலைப்பாடுகளுமாக வீடுகள் நிற்கின்றன.

துருவ ஒளி எங்களுக்குக் கிடைத்தது, ட்ரொம்சோவைக் கடந்த இரவில். அறிவிப்பு வந்ததும் எல்லோரும் மேலே ஓடினோம். முதலில் வெளிறிய மேகக் கீற்று போல்தான் இருந்தது. பிறகு பச்சை ஏறி, வானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அசைந்தது. தரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேலே, சூரியனிலிருந்து வரும் துகள்கள் ஆக்சிஜனை மோதுவதால் எழும் பச்சை அது. எந்த விளக்கமும் அந்த நேரத்தில் நினைவுக்கு வராது. ஆனால் மேகம் மூடினால் ஒன்றும் இல்லை. இந்தக் கடற்கரையில் மேகத்துக்குப் பஞ்சமே கிடையாது. போக வர முழுப் பயணமாகக் குளிர்காலத்தில் டிக்கெட் எடுப்பவர்களுக்கு, துருவ ஒளி தெரியாவிட்டால் இன்னொரு பயணம் இலவசம் என்ற உறுதியைக் கப்பல் நிறுவனங்கள் தருகின்றன. நிபந்தனைகளை மட்டும் முன்பே படித்துக்கொள்ளுங்கள். மேகம் கலையாத நாட்களிலும் மனம் நிறைவதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. எனக்கு இந்தப் பயணத்தின் உச்சமே துருவ ஒளி அல்ல, போட்ஸ்ஃபியோர்ட் என்ற சின்ன ஊர்தான்.

அது நார்வேயின் வடகோடிப் பகுதியான பின்மார்க்கின் வடகிழக்கு ஓரத்தில் இருக்கும் மீன்பிடி ஊர். மக்கள்தொகை இரண்டாயிரத்தைச் சுற்றி. வடக்கு நோக்கிப் போகும் கப்பல் நள்ளிரவை ஒட்டி அங்கே நிற்கும். எங்களில் ஒருவன் அங்கே வளர்ந்தவன். அவனுடைய பெற்றோர் யாழ்ப்பாணத்துக்காரர்கள். 1980களில் போர் துரத்த நார்வேக்கு வந்த ஈழத் தமிழர்களில் பலருக்குக் கிடைத்த முதல் வேலை இந்த வடகோடி மீன் தொழிற்சாலைகளில்தான். உள்ளூர் இளைஞர்கள் தெற்கே நகரங்களுக்குப் போய்விட, ஆளில்லாமல் தவித்த தொழிற்சாலைகளைத் தாங்கிப் பிடித்தவர்களில் நம்மவர்கள் முக்கியமானவர்கள். இது நார்வேக்கு வெளியே இருக்கும் தமிழர்களில் மிகச் சிலருக்கே தெரிந்த வரலாறு.

அதற்கு முந்தைய துறைமுகமான பெர்லெவோக்கைத் தாண்டியதிலிருந்தே அவன் பேச்சு குறைந்துவிட்டது. கப்பலைக் கரையில் கட்டியதும் முதல் ஆளாக இறங்கினான், நாங்கள் பின்னாலேயே போனோம். கரையில் சரக்கு வண்டி பின்னோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. காற்றில் மீன் வாடை. எதிரே விளக்கெரிந்த ஒரு நீளக் கட்டடத்தைக் காட்டி, அம்மா அங்கேதான் நின்றாள் என்றான். வெள்ளை பூட்ஸ், தலையில் வலை, கையில் இடுக்கி, எதிரே ஒளிமேசை. நகர்ந்து வரும் காட் மீன் துண்டுகளிலிருந்து முள்ளை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்பா குளிரறையில் பெட்டி அடுக்கினாராம். பள்ளிக்குப் போகும்போது மணி எட்டாக இருந்தாலும் இருட்டுத்தான். உடையில் ஒளி பட்டால் மின்னும் பட்டையைக் கட்டிக்கொண்டு பிள்ளைகள் வரிசையாக நடப்பார்களாம். சனிக்கிழமையில் ஒரு மண்டபத்தில் தமிழ் வகுப்பு. காட் மீன் வரத்தும் வேலையும் குறைந்த காலத்தில் பல குடும்பங்கள் தெற்கே ஓஸ்லோ பக்கம் குடிபெயர்ந்தன. அவனுடைய குடும்பமும் அப்படி வந்ததுதான்.

கப்பல் புறப்படும் நேரத்தில் அவன் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தான். நள்ளிரவில் மகன் அழைக்கிறானே என்று முதலில் பதறியவர், எங்கே நிற்கிறான் என்று தெரிந்ததும் குரல் மாறிவிட்டது. அந்தத் துறையில் இன்னும் அந்த நீலக் கட்டடம் இருக்கிறதா, கடைக்குப் போகும் மேட்டில் பனி எவ்வளவு என்று விடாமல் கேட்டார். அவரோடு நின்று வேலை செய்த நார்வேப் பெண்கள் குழந்தைக்குக் கம்பளி உடை பின்னிக் கொடுத்ததைச் சொன்னார். நாங்கள் மூவரும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் எல்லோருக்கும் கண் கலங்கியது.

இந்த ஊர்களில் பழைய வீடுகளே இல்லையே என்று நீங்கள் வியக்கக்கூடும். 1944 இலையுதிர்காலத்தில் பின்வாங்கிய ஜெர்மன் படை, சோவியத் செஞ்சேனைக்கு ஒன்றும் மிஞ்சக்கூடாது என்று பின்மார்க்கின் பெரும்பகுதியைக் கொளுத்திவிட்டுப் போனது. ஹோனிங்ஸ்வோக்கில் மிஞ்சிய ஒரே கட்டடம் தேவாலயம். வீடு திரும்பிய மக்களில் பலர் முதலில் அதற்குள்தான் தங்கினார்கள். கப்பல் அங்கே சில மணி நேரம் நிற்கும். எல்லோரும் நார்த் கேப் எனப்படும் வட முனைப் பாறைக்குப் பேருந்தில் போவார்கள், பனிக்காலத்தில் பனி அள்ளும் வண்டியின் பின்னால் வரிசையாகத்தான் வண்டிகள் செல்லும். 307 மீட்டர் உயரப் பாறை, கீழே கடல், நல்ல காட்சிதான். போனாலும் திரும்பி வந்ததும் தேவாலயத்தை எட்டிப் பாருங்கள்.

இனிக் கடல். பெரும்பாலான தூரம் தீவுகளுக்கு உள்ளே அமைதியாகத்தான் போகும். திறந்த கடல் வரும் இடங்கள் சில. பெர்கனில் ஏறிய மறுநாள் விடியலில் ஸ்டாட் முனை, அன்று இரவு ஹுஸ்டாட்விகா, போதோவுக்கும் ஸ்டாம்சுண்டுக்கும் இடையே வெஸ்ட்ஃபியோர்ட், பிறகு மேஹாமனுக்குக் கிழக்கே பேரன்ட்ஸ் கடல். தொடுவானத்தைப் பார்த்தால் தலைசுற்றல் குறையும் என்பார்கள். குளிர்கால இருட்டில் தொடுவானமே இருக்காது. ஆகவே கப்பலின் நடுவில், கீழ்த்தட்டில் அறை எடுங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு. இந்த இடங்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மாத்திரை போட்டுக்கொண்டு, மல்லாந்து படுத்துவிடுங்கள். வெறும் வயிறு வேண்டாம், உப்பு பிஸ்கட் போதும். புயல் கடுமையானால் கப்பல் சில துறைமுகங்களைத் தவிர்த்துவிடும், அதற்கு மனத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

உடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே மெரினோ கம்பளி, வெளியே காற்றுப் புகாத மேலுடை. வெப்ப நீரோட்டத்தால் கடல் உறையாது, கரையோரக் குளிர் பயப்படும் அளவுக்கு இருக்காது. கிர்கெனஸ் பக்கம் மட்டும் மைனஸ் 10க்குக் கீழே இறங்குவது வழக்கம். காலணிக்கு அடியில் மாட்டும் இரும்புப் பற்களை பெர்கனிலேயே விளையாட்டுப் பொருள் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள், துறைமுகத் தரையெல்லாம் கண்ணாடிப் பனி. சைவம் என்றால் முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள்.

பணமும் விடுப்பும் குறைவாக இருந்தால் முழு வழியும் போக வேண்டாம். போதோவில் மதியத்துக்குப் பிறகு ஏறி மறுநாள் பிற்பகல் ட்ரொம்சோவில் இறங்கலாம், லொஃபோட்டன் அதில் அடங்கிவிடும். என்னைக் கேட்டால் ட்ரொம்சோவிலிருந்து கிர்கெனஸ் வரை போங்கள் என்பேன், பின்மார்க்கை வேறெப்படியும் இவ்வளவு நெருக்கமாகப் பார்க்க முடியாது. முடிந்தால் கிர்கெனஸில் இறங்கி விமானம் ஏறாமல் அதே கப்பலில் தெற்கே திரும்புங்கள். போகும்போது இரவில் கடந்த ஊர்கள் பல வரும்போது பகலில் வரும். வார்டோவில் பிற்பகலில் நிற்கும்போது ஸ்டெய்ல்னெசெட் நினைவிடத்துக்கு வேகமாக நடந்துபோய் வந்துவிடலாம். 17ஆம் நூற்றாண்டில் சூனியக்காரர்கள் என்று சொல்லிக் கொன்ற 91 பேருக்காக, ஆளுக்கொரு சன்னலும் விளக்குமாக 2011இல் திறந்த இடம். நேரத்தைப் பார்த்துக்கொண்டே போங்கள், கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது.