லைப்போசக்ஷன் செய்து 4 வாரம் ஆகிறது, வயிறு பலகை மாதிரி இறுகிக் கிடக்கிறது. இது சரியாகுமா?

கேட்டிருப்பது இதுதான்: தொப்புளுக்குக் கீழேயும் இரண்டு இடுப்புப் பக்கமும் லைப்போசக்ஷன் செய்து 4 வாரம். முதல் வாரம் மெத்தென்று இருந்த இடம் இப்போது கல்லாகிவிட்டது, அங்கங்கே உருண்டை தட்டுப்படுகிறது, தோல் மரத்திருக்கிறது. அழுத்தி மசாஜ் செய்து 'கட்டியை உடைத்துவிடலாம்' என்று ஒரு பார்லரில் சொல்கிறார்களாம், போகலாமா?

போகாதீர்கள். 4-ஆம் வாரத்தில் வயிறு இறுகியிருப்பது ஆறுகிறது என்பதற்கான அடையாளம். எந்த மாதிரி இறுக்கம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் கவலை போய்விடும்.

கொழுப்பை உறிஞ்சும் குழாய் 3, 4 மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். அதைத் தோலுக்கும் தசைக்கும் நடுவே பல நூறு முறை முன்னும் பின்னும் ஓட்டுகிறார்கள். கொழுப்புப் படலம் சல்லடையாகிவிடுகிறது. வெளியே தெரிவது இரண்டு மூன்று பொட்டு அளவுத் தழும்பு, உள்ளே இருப்பது சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு புண். அறுவைக்கு முன் ஏற்றிய மருந்துநீரில் பெரும்பகுதி உள்ளேயே தங்கிவிடும். அதோடு காயத்து நீரும் சேர்வதால் முதல் வாரம் வீக்கம் மெத்தென்று, தண்ணீர் கோத்ததுபோல் இருக்கும். எடை கூடிக்கூடக் காட்டும்.

அந்த நீர் வற்ற வற்ற, 10 நாளிலிருந்து 2 வாரத்துக்குள் கொலாஜன் (காயத்தை ஒட்டவைக்கும் புரத நார்) போடும் செல்கள் சல்லடை ஓட்டைகளில் வேலையை ஆரம்பிக்கின்றன. முதலில் போடுவது அவசரக் கொலாஜன். ஒழுங்கில்லாமல் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டியிருக்கும். அதனால்தான் வீக்கம் வடிந்த பிறகு இறுக்கம் வருகிறது. 3-ஆம் வாரத்திலிருந்து 6-ஆம் வாரம் வரை இது உச்சத்தில் இருக்கும். நீங்கள் நிற்பது சரியாக அதன் நடுவில். பிறகு உடலே அந்தக் கொலாஜனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, இழை இழையாக ஒழுங்குபடுத்தி மாற்றிக் கட்டுகிறது. 3 மாதத்தில் பெரும்பாலான இடம் இளகும், சில இடங்களில் 6 மாதம், அரிதாக ஒரு வருடம் ஆகும். தொப்புளுக்குக் கீழே கடைசியில்தான் இளகும், மேலிருந்து வடியும் நீரெல்லாம் அங்கே வந்து தங்குவது ஒரு காரணம். லேசர் அல்லது அல்ட்ராசவுண்ட் கருவி வைத்துச் செய்திருந்தால் உள்ளே சூடும் பட்டிருக்கும், இறுக்கம் இன்னும் கூடுதலாக இருக்கலாம்.

இந்தச் சுருங்கல்தான் தொளதொளத்த தோலைப் பிடித்து உள்ளே ஒட்டவைக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி பிரித்துப் பார்க்கும் வழி. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, விரல் நுனியை விட்டுவிட்டு விரல்களின் தட்டைப் பகுதியால் தடவுங்கள். பரவலாக, ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியாமல் ரப்பர் பலகைபோல் இருந்து, காலையில் குறைவாகவும் சாயங்காலம் கூடுதலாகவும் தோன்றினால் அது வழக்கமான இறுக்கம். ஒரே இடத்தில் பலூன்போல் உப்பி, ஒரு பக்கம் தட்டினால் மறு பக்கம் வைத்த கை அலையை உணர்கிறதா? செரோமாவாக இருக்கலாம், அதாவது உள்ளே நீர் தேங்கியிருக்கிறது. ஸ்கேன் பார்த்து ஊசியால் எடுத்துவிடுவார்கள், சிலருக்கு இரண்டு மூன்று தடவை எடுக்க வேண்டிவரும். இதைத் தள்ளிப்போட்டால் அந்த நீரைச் சுற்றி ஒரு பை வளர்ந்துவிடும், பிறகு ஊசி போதாது. கோலிக்குண்டு மாதிரி ஓரம் தெளிவாகத் தெரிகிற உருண்டை என்றால் பெரும்பாலும் ரத்த ஓட்டம் கிடைக்காமல் செத்துப்போன கொழுப்பு. ஆபத்தில்லை, ஆனால் கரைய மாதங்கள் ஆகும், டாக்டர் ஒருமுறை தொட்டுப் பார்ப்பது நல்லது.

காத்திருக்கக் கூடாதவையும் உண்டு. தோல் சிவந்து சூடாகி அந்தச் சிவப்பு நாளுக்கு நாள் பரவுவது, காய்ச்சல், குழாய் நுழைத்த துவாரத்தில் நாற்றமடிக்கும் நீர், குறைந்துவந்த வலி திடீரென்று ஏறுவது, தோல் கறுப்பது: இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஒரு கால் மட்டும் கெண்டைச் சதையில் வீங்கி வலித்தாலும் அப்படியே, காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. இறுக்கத்தோடு சேர்த்து இவற்றையும் 'ஆறிவிடும்' என்று விடுவதுதான் பெரிய தவறு.

மசாஜுக்கு வருவோம். இந்தக் கட்டத்தில் அழுத்திப் பிசைந்தால் புதிதாக முளைத்த நுண்ணிய ரத்தக் குழாய்கள் கிழியும், மறுபடி ரத்தம் கசியும், அதைச் சரிசெய்ய உடல் இன்னும் கூடுதலாகக் கொலாஜன் போடும். உடைக்கப் போய் வளர்த்துவிட்டு வருவீர்கள். தையல் துவாரத்தைத் திறந்து நீரைப் பிதுக்கி எடுக்கும் பழக்கமும் சில இடங்களில் இருக்கிறது, அது கிருமிக்குக் கதவைத் திறந்துவிடும் வேலை, யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

செய்ய வேண்டியது நிணநீர் வடிப்பு மசாஜ், அதாவது தோலுக்கடியில் தேங்கிய நீரை மெதுவாகத் தடவி வடியவிடுவது. டாக்டர் சம்மதித்த பிறகு, பழகிய பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் ஒருமுறை கற்றுக்கொண்டால் வீட்டிலேயே செய்யலாம். தோல் நகர வேண்டும், கீழே தசை அமுங்கக் கூடாது, அவ்வளவுதான் அழுத்தம். கை எடுத்த பிறகு தோல் சிவந்தே இருந்தால் அது அதிகம். திசைதான் முக்கியம்: தொப்புளுக்குக் கீழே உள்ள நிணநீர் தொடை இடுக்குக்கும், மேலே உள்ளது அக்குளுக்கும் போகிறது, அந்தப் பக்கமாகவே தள்ள வேண்டும். ஒரு தடவைக்கு 10 நிமிடம், நாளைக்கு இரண்டு தடவை போதும். 6 வாரம் தாண்டி, துவாரங்கள் நன்றாக மூடி, டாக்டரும் சரி என்றால் கொஞ்சம் அழுத்தம் கூட்டி, தோலைப் பிடித்து உருட்டிவிடலாம். தேங்காய் எண்ணெய் போதும். வலிக்கலாம், ஆனால் மறுநாள் கன்றியிருக்கக் கூடாது.

கம்ப்ரஷன் கார்மென்ட் (அறுவைக்குப் பிறகு வயிற்றை இறுக்கிப் பிடிக்கப் போடும் உடுப்பு) விஷயத்தில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். முதல் 2, 3 வாரம் குளிக்கும் நேரம் தவிர முழு நேரமும், பிறகு 6 வாரம் வரை பாதி நாள் என்பது பொதுவான கணக்கு. உங்கள் டாக்டர் வேறு சொன்னால் அதுவே சரி. ஒரு விரல் உள்ளே நுழைய வேண்டும். இன்னும் இறுக்கினால் சீக்கிரம் ஆறும் என்று நினைத்துச் சின்ன சைஸ் வாங்கினால் நிணநீர் ஓட்டமே தடைபடும், கால் வீங்கும், தோலில் கொப்புளம் வரும்.

சைஸைவிட மோசம் மடிப்பு. உட்கார்ந்ததும் கார்மென்ட் தொப்புள் அருகே கயிறாகச் சுருண்டுகொள்ளும். அரை நாள் அப்படியே இருந்தால் இளம் கொலாஜன் அந்தக் கோட்டிலேயே படிந்துவிடும், மேலே ஒரு மேடு, நடுவே ஒரு வாய்க்கால். உள்பாவாடை நாடாவும் ஜீன்ஸ் பெல்ட்டும் இதே வேலையைத்தான் செய்கின்றன. தினமும் நாடா ஒரே இடத்தில் இறுகினால் அந்தத் தடம் மாதக்கணக்கில் போகாது. 6 வாரம் வரை நைட்டியோ அகல எலாஸ்டிக் வைத்த பேன்டோ போடுங்கள். கார்மென்ட் சுருளும் இடத்தில் தட்டையான ஃபோம் ஒன்றை உள்ளே வையுங்கள், மணிக்கொரு தரம் எழுந்து இழுத்துவிடுங்கள். (அறுவை முடிந்து சில நாளே ஆனவர்களுக்கு: கார்மென்ட்டை முதல் தடவை கழற்றும்போது ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரலாம். படுத்துக்கொண்டு, பக்கத்தில் ஆள் வைத்துக் கழற்றுங்கள்.)

மரத்த தோலில் சூட்டு ஒத்தடமும் வேண்டாம், ஐஸையும் நேராக வைக்க வேண்டாம். சுடுவது தெரியாமலே வெந்துபோகும். உணர்ச்சி திரும்பும்போது ஊசி குத்துவதுபோலவும் நமைச்சலாகவும் இருக்கும், அது நல்ல செய்தி.

சாப்பாட்டில், முட்டையும் மீனும் சீழ் வைக்கும் என்று பத்தியம் போடுகிற பெரியவர்கள் எல்லா வீட்டிலும் இருப்பார்கள். கொலாஜன் கட்டப் புரதம்தான் வேண்டும், அதை நிறுத்திவிட்டுக் கஞ்சி குடித்தால் ஆறுவது தாமதமாகும். குறைக்க வேண்டியது உப்பு: ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடைச் சிப்ஸ். சிகரெட் அடியோடு கூடாது, நிக்கோட்டின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. நடப்பதை நிறுத்தாதீர்கள். வயிற்றுக்கான உடற்பயிற்சி மட்டும் 6 வாரம் கழித்து.

3 மாதம் தாண்டியும் ஒரு இடம் மட்டும் இறுகியே நின்றால் அந்தக் கட்டிக்குள் டிரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போடுவதுண்டு. அளவு மிஞ்சினாலோ இடம் தவறினாலோ தோல் மெலிந்து குழி விழும், ஆகவே இதில் அவசரம் வேண்டாம். மேடு பள்ளத்தைத் திருத்த இரண்டாவது தடவை லைப்போசக்ஷன் செய்வது பற்றி 6 மாதம் ஆவதற்கு முன்னால் யாராவது பேசினால் சந்தேகப்படுங்கள், அதற்குள் அந்தப் பள்ளம் எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அதுவரை வாரத்தில் ஒரு நாள், காலையில் எழுந்ததும், டேப்பைத் தொப்புள் மட்டத்தில் வைத்து அளந்து, ஒரே வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். மாதவிலக்கு வருகிற வாரம் அளவு கூடும், அந்த வாரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.