பட்டம் பெற்ற மகள் தாதிமை படிக்க விரும்பும்போது

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

செந்தூலிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தையும், அதனுடன் இணைத்திருந்த உங்கள் மகளின் மதிப்பெண் பட்டியலையும் கவனமாகப் படித்தேன். உயிரித் தொழில்நுட்பத்தில் பட்டம் பெற்று, ஒரு மருத்துவ ஆய்வுக்கூடத்தில் நிரந்தர வேலையிலும் இருக்கும் பெண், திடீரென்று தாதியாகப் போகிறேன் என்று சொன்னால் பெற்றோருக்குக் கலக்கம் ஏற்படுவது இயல்புதான். ஆனால் எந்த நாட்டில் மிகக் குறுகிய காலத்தில் முடிக்கலாம் என்று நீங்கள் கேட்டிருக்கும் கேள்வியை இப்போதைக்கு ஒதுக்கி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். உங்கள் மகள் படித்து முடித்தபின் எந்த நாட்டின் தாதியர் பதிவேட்டில் இடம்பெற விரும்புகிறார் என்பதைத்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும். அது முடிவாகிவிட்டால், விண்ணப்பிக்கத் தக்க படிப்புகளின் பட்டியல் தானாகவே சுருங்கிவிடும்.

பட்டதாரிகளுக்கான துரிதத் தாதிமைப் படிப்பு என்பது, வேறு துறையில் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களைச் சேர்த்துக்கொண்டு, பொதுப் பாடங்களைத் தவிர்த்து, தாதிமைப் பாடங்களையும் மருத்துவமனைப் பயிற்சியையும் நெருக்கமான கால அளவுக்குள் முடிக்கும் ஏற்பாடு. அமெரிக்காவில் இது பெரும்பாலும் 11 முதல் 18 மாதங்களில் முடியும் இளநிலைப் பட்டமாகவும், ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் பெரும்பாலும் 2 ஆண்டு முதுநிலைப் பட்டமாகவும் வழங்கப்படுகிறது. சிட்னி பல்கலைக்கழகம் அத்தகைய முதுநிலைப் படிப்பை நடத்துகிறது. நம் மலேசியாவில் தாதிமைக்கு வழக்கமான வழிகள் 3 ஆண்டு டிப்ளோமாவும் 4 ஆண்டு பட்டமும்தான். உள்ளூர்க் கல்லூரி விளம்பரங்களில் இரண்டு ஆண்டுகளில் தாதிமைப் பட்டம் என்று காணப்படுபவை, ஏற்கெனவே டிப்ளோமா முடித்துப் பதிவுபெற்ற தாதியர் தங்கள் தகுதியை உயர்த்திக்கொள்வதற்கானவை. அவற்றை உங்கள் மகளுக்கும் பொருந்தும் என்று எண்ணி முன்பணம் கட்டிவிட வேண்டாம். சிங்கப்பூரில் தொழில் மாறுவோருக்கென நடத்தப்படும் தாதிமைப் பயிற்சித் திட்டமும் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வாசிகளுக்கும் உரியது.

இனி பதிவு பற்றி. மலேசியாவில் 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டத்தின்கீழ் மலேசியத் தாதியர் வாரியத்தில் பதிவுபெற்று, ஆண்டுதோறும் தொழில்புரியும் சான்றிதழைப் புதுப்பித்துக்கொண்டால்தான் ஒருவர் இங்கே தாதியாகப் பணியாற்ற முடியும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும், அதன் பட்டம் இந்தப் பதிவுக்கு மாற்றாகாது. பயிற்சி நேரத்தை ஒவ்வொரு நாடும் வெவ்வேறு விதமாகக் கணக்கிடுவதுதான் இதில் உள்ள சிக்கல். பிரிட்டனில் மொத்தம் 4,600 மணி நேரக் கல்வியும், அதில் பாதியாக 2,300 மணி நேர நேரடிப் பயிற்சியும் தேவை. ஆனால் பட்டதாரி மாணவரின் முந்தைய படிப்பையும் அனுபவத்தையும் மதிப்பிட்டு, அந்தக் கல்வியில் பாதி வரை கழித்துக்கொள்ள அங்குள்ள தாதியர் மன்றம் அனுமதிக்கிறது. இரண்டே ஆண்டுகளில் முடிக்க முடிவது அதனால்தான். ஆஸ்திரேலியாவிலோ, அங்கீகாரம் பெற்ற படிப்பில் குறைந்தது 800 மணி நேரப் பணியிடப் பயிற்சி இருக்க வேண்டும். ஒரு நாட்டில் மாணவருக்குச் சலுகையாக அமைவது, இன்னொரு நாட்டு வாரியத்தின் மேசையில் குறைபாடாகத் தெரியக்கூடும் என்பதைப் பல குடும்பங்கள் பட்டம் கைக்கு வந்த பிறகே அறிந்துகொள்கின்றன.

பிரிட்டனில் மேலும் ஒரு நுட்பம் உண்டு. பெரியவர்கள், குழந்தைகள், மனநலம், கற்றல் குறைபாடு உடையோர் என்ற பிரிவுகளில் ஒன்றை விண்ணப்பிக்கும்போதே தெரிவு செய்ய வேண்டும். மனநலத் தாதிமையை மட்டும் படித்துவிட்டு, பொதுத் தாதியாகப் பதிவுபெற எண்ணிக் கோலாலம்பூருக்குத் திரும்பினால் கேள்விகள் எழாமல் இராது. அமெரிக்காவில் அந்தந்த மாநில வாரியத்திடம் உரிமம் பெற என்கிளெக்ஸ் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும். உரிமம் பெறுவது வேறு, அங்கே தங்கிப் பணிபுரியும் அனுமதி வேறு. பின்னதற்கான காத்திருப்பு நீளமானது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

மதிப்பெண் பட்டியலைப் பொறுத்தவரை நல்ல செய்தியும் உண்டு, ஓர் இடைவெளியும் உண்டு. நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், புள்ளியியல் ஆகிய மூன்றிலும் அவர் நல்ல மதிப்பெண் பெற்றிருக்கிறார். ஆனால் மனித உடற்கூறியலும் உடலியங்கியலும் பட்டியலில் இல்லை. அமெரிக்கத் துரிதப் படிப்புகள் பெரும்பாலும் இவ்விரண்டையும் ஆய்வக வகுப்புகளுடன் முன்தகுதியாகக் கேட்கின்றன. ஊட்டச்சத்தியலையும் மனித வளர்ச்சி உளவியலையும் சேர்த்துக் கேட்பவையும் உண்டு. அறிவியல் பாடங்கள் ஐந்து அல்லது ஏழு ஆண்டுகளுக்குள் படித்தவையாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கும் கல்லூரிகளும் இருப்பதால், அங்கே விண்ணப்பிப்பதாக இருந்தால் தாமதம் நல்லதல்ல. ஆஸ்திரேலியாவில் எந்தத் துறைப் பட்டத்தையும் ஏற்கும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. சில மட்டும் உடலியங்கியலைக் கேட்கின்றன. எந்த நாடாக இருந்தாலும், பழைய பல்கலைக்கழகத்திலிருந்து ஒவ்வொரு பாடத்தின் விரிவான பாடத்திட்டத்தையும் பதிவாளர் முத்திரையுடன் இப்போதே பெற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். மதிப்பெண் பட்டியலில் உள்ள பாடத்தின் பெயர் மட்டும் மதிப்பீட்டாளருக்குப் போதுமானதாக இருப்பதில்லை.

விருப்ப அறிக்கையைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் நம் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் இதுதான். பாட்டியின் நோய்ப்படுக்கையில் தொடங்கி மனிதகுலத்துக்குத் தொண்டு செய்யும் ஆசையில் முடியும் அறிக்கைகளைத் தேர்வுக் குழுவினர் போதிய அளவு படித்துவிட்டார்கள். தாதியின் பணி என்னவென்று இந்த விண்ணப்பதாரருக்கு உண்மையிலேயே தெரியுமா என்பதையே அவர்கள் தேடுகிறார்கள். நோயாளியின் நிலை மாறுவதை மருத்துவருக்கு முன்பே கவனிப்பதும், மருந்தின் அளவைச் சரிபார்ப்பதும், அடுத்த முறைப் பணியாளரிடம் தகவல் பிசகாமல் ஒப்படைப்பதும்தான் அந்தப் பணியின் நடுநாயகம். உங்கள் மகள் ஆய்வுக்கூடத்தில் இரத்த மாதிரிகளின் அடையாளச் சீட்டுகளைச் சரிபார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு சீட்டு மாறினால் ஒரு நோயாளிக்கு என்ன நேரும் என்பதை அறிந்து வேலை செய்த அந்த அனுபவத்தை அவர் இரண்டு பத்திகளில் தெளிவாக எழுதினால், அது எந்தப் பாட்டி கதையையும் விட வலுவாக நிற்கும். அத்துடன், நோயாளிகளின் அருகில் இருந்த அனுபவமும் தேவை. செராஸில் உள்ள ஹோஸ்பிஸ் மலேசியா போன்ற அமைப்பிடமோ, வீட்டுக்கு அருகிலுள்ள முதியோர் இல்லத்திடமோ தொண்டூழிய வாய்ப்பு உண்டா என்று அவர் விசாரிக்கலாம். பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்கள் பராமரிப்புப் பணியில் செலவிட்ட நேரத்துக்குக் கையொப்பமிட்ட சான்றையும் கேட்கும். விண்ணப்பத்துக்கு உதவுவது ஒருபுறம் இருக்கட்டும். படுக்கையிலேயே மலம் கழித்துவிட்ட முதியவரைச் சுத்தம் செய்த பிறகும் இந்த ஆசை நிலைத்திருக்கிறதா என்பதை இரண்டு ஆண்டுக் கட்டணம் செலுத்துவதற்கு முன்பே அவர் தெரிந்துகொள்வது அதைவிட முக்கியம்.

மருத்துவப் படிப்பு கிடைக்காததால்தான் இந்தப் பெண் தாதிமைக்கு இறங்குகிறாளோ என்று கேட்டிருக்கிறீர்கள். இறங்குவது என்ற எண்ணத்தை விண்ணப்பத்தின் பக்கமே அண்டவிடாதீர்கள். நேர்காணலில் அது எப்படியும் வெளிப்பட்டுவிடும். தவிர, மருத்துவர் பட்டம் பெற்றுவிட்டால் வாழ்க்கை உறுதி என்ற நம் பழைய கணக்கும், அரசு ஒப்பந்த மருத்துவர்கள் நிரந்தரப் பணி கேட்டு 2021 ஜூலை 26 அன்று மருத்துவமனைகளை விட்டு வெளிநடப்புச் செய்த பிறகு மறுபரிசீலனைக்கு உரியதாகிவிட்டது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பி.டி.பி.டி.என். எனும் அரசு உயர்கல்விக் கடன் உள்நாட்டு உயர்கல்விக் கூடங்களுக்கானது. வெளிநாட்டுப் படிப்புக்கு அதை நம்ப முடியாது. ஊழியர் சேமநிதியில் பிள்ளைகளின் கல்விக்காக எடுக்கக்கூடிய தொகை, 2024 மே மாத மாற்றத்துக்குப் பிறகு செஜாத்ரா எனும் உட்கணக்கில் இருக்கிறது. ஆஸ்திரேலிய மாணவர் விசாவுக்கு, கட்டணமும் பயணச் செலவும் போக, ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கென 29,710 ஆஸ்திரேலிய டாலரைக் காட்ட வேண்டும் என்று 2024 மே 10 முதல் விதி இருக்கிறது. விண்ணப்பிக்கும் நாளில் அந்தத் தொகை உயர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். படிக்கும் காலத்தில் இரண்டு வாரங்களுக்கு 48 மணி நேரம் வேலை செய்யலாம் என்பதை முகவர்கள் பெரிதாகச் சொல்வார்கள். மருத்துவமனைப் பயிற்சி நடக்கும் வாரங்களில், இரவு முறையும் வார இறுதி முறையும் வரும்போது, அந்த 48 மணி நேரம் ஏட்டில் மட்டுமே இருக்கும். எனவே பகுதிநேர வருமானத்தைக் கணக்கில் சேர்க்காமலே குடும்பத்தின் கணக்கு நேராக வேண்டும். முகவர் உங்களிடம் பணம் வாங்கவில்லை என்றால், பெரும்பாலும் பல்கலைக்கழகம் அவருக்குத் தரகு கொடுக்கிறது என்று பொருள். அதில் தவறொன்றும் இல்லை, ஆனால் அவர் காட்டும் பட்டியலுக்கு வெளியிலும் பல்கலைக்கழகங்கள் உண்டு.

காலம் எடுக்கும் ஆவணங்கள் சில உண்டு. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் மூன்று தவணைகளும் வழக்கமாக ஆறு மாதங்களில்தான் முடியும். போட்டுக்கொண்ட பதிவு கையில் இல்லையென்றால் இரத்தப் பரிசோதனை வழியாக உறுதிப்படுத்த வேண்டும். நன்னடத்தைச் சான்றிதழை வெளியுறவு அமைச்சிடம் விண்ணப்பித்துப் பெற வேண்டும். ஐ.இ.எல்.டி.எஸ். எனும் ஆங்கில மொழித் தேர்வின் மதிப்பெண் இரண்டு ஆண்டுகளுக்கே செல்லும் என்பதால், அந்தத் தேர்வை மிக முன்கூட்டியும் எழுத வேண்டாம்.

உங்கள் மகளின் பாடங்களையும் குடும்ப நிலையையும் வைத்துப் பார்த்தால், ஆஸ்திரேலியாவின் 2 ஆண்டு முதுநிலைப் படிப்பை முதல் தெரிவாகவும், இங்கேயே 3 ஆண்டு டிப்ளோமாவை இரண்டாவது தெரிவாகவும் வைப்பேன். பட்டதாரி டிப்ளோமா படிப்பதா என்று உங்கள் கணவர் தயங்கக்கூடும். ஆனால் மகள் கோலாலம்பூரிலேயே பணிபுரிய விரும்பினால், பதிவுக்கான நேர்வழி அதுவே. அமெரிக்காவை இந்தச் சூழலில் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எதற்கும் முன்பணம் கட்டுவதற்கு முன், தெரிவு செய்த படிப்பின் பெயர், பாடத்திட்டம், பயிற்சி நேரம் ஆகியவற்றை இணைத்து, படிப்பை முடித்துத் திரும்பினால் பதிவுக்கு என்னென்ன தேவைப்படும் என்று மலேசியத் தாதியர் வாரியத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும். தொலைபேசியில் கிடைக்கும் பதில் போதாது. எழுத்தில் வர வேண்டும். அந்தக் கடிதத்தை நீங்களோ உங்கள் கணவரோ எழுதாமல் மகளே எழுதட்டும். பதில் வந்ததும் அதையும் பாடத்திட்ட நகல்களையும் எடுத்துக்கொண்டு மூவரும் அலுவலகத்துக்கு வாருங்கள். விருப்ப அறிக்கையின் முதல் வரைவை அப்போது சேர்ந்து பார்க்கலாம்.