மட்டக்குதிரைக்கு வயிறு அடிக்கடி கெடுகிறது, என்ன மூலிகை கொடுக்கலாம்?

காலை மாலை கொள்ளும் தவிடும் வைக்கிறேன், லத்தி சில நாள் கழிச்சலாகவும் சில நாள் கல் மாதிரியும் வருகிறது, இதற்கு எந்த மூலிகைப் பொடி வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பொடியைப் பற்றிக் கட்டாயம் சொல்கிறேன். அதற்கு முன்னால் நீங்கள் ஒன்றைப் பார்க்க வேண்டும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் உங்கள் குதிரைக்கு முன்னால் என்ன கிடக்கிறது?

நான் ஏற்காடு அடிவாரத்தில் இரண்டு குதிரை வைத்திருக்கிறேன். மூத்தது அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கிய பெண் குதிரை, சுமார் 300 கிலோ இருக்கும். வாங்கின புதிதில் நானும் உங்களைப் போலத்தான், சாயங்காலம் ஏழு மணிக்குக் கொள்ளு வைத்துவிட்டுப் போனால் அடுத்த நாள் காலை ஆறு மணிக்குத்தான் மறுபடி தீனி. பதினோரு மணி நேரம் வெறும் வாய். இது தப்பு என்றே தெரியாது, மாடு வளர்த்த வீடு எங்களுடையது, மாடு ராத்திரி படுத்து அசை போட்டுக்கொண்டிருக்கும், குதிரையும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன்.

குதிரை அசை போடாது. அதன் இரைப்பை உடம்புக்கு ரொம்பச் சின்னது, பெரிய குதிரைக்கே 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். அதில் அமிலம் தின்றாலும் தின்னாவிட்டாலும் நாள் முழுக்கச் சுரந்துகொண்டே இருக்கும், அந்த அமிலத்தை அடக்குகிற உமிழ்நீரோ மென்றால்தான் ஊறும். ஒரு கிலோ காய்ந்த புல்லை மென்று முடிக்கக் குதிரைக்குச் சுமார் 40 நிமிடம் ஆகிறது, அதே ஒரு கிலோ தானியம் பத்து நிமிடத்தில் உள்ளே போய்விடும். அப்புறம் வாய் சும்மா இருக்கும், அமிலம் சும்மா இருக்காது. புண் வருவது இப்படித்தான். மேய்ச்சலுக்கு விட்ட குதிரை ஒரு நாளில் 16 மணி நேரம் வரை மேயும், அதன் வயிறு அதற்காகவே அமைந்தது.

எனக்கு இது புரிந்தது ஒரு சித்திரை மாத ராத்திரியில். பக்கத்துத் தோட்டத்தில் மாட்டுக்குச் சேகோ ஆலைத் திப்பி, அதாவது மரவள்ளிக் கிழங்கில் மாவெடுத்த சக்கை, இறக்கியிருந்தார்கள், நம்ம சேலத்தில் அது எங்கேயும் கிடைக்கும், மாடு நன்றாகத் தின்கிறதே என்று நானும் ஒரு கூடை வாங்கிக் குதிரைக்கு வைத்தேன். ஆசையாகத் தின்றது. பன்னிரண்டு மணிக்கு லாயத்திலிருந்து தரையைப் பறிக்கிற சத்தம். போய்ப் பார்த்தால் கழுத்தும் விலாவும் வியர்வையில் நனைந்திருக்கிறது, திரும்பித் திரும்பி வயிற்றையே பார்க்கிறது, மேலுதட்டைச் சுருட்டுகிறது, படுக்கிறது, உடனே எழுகிறது. அந்தக் காலத்தில் ஜட்கா ஓட்டிய பெரியவர் ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார், அவரை எழுப்பிக் கூட்டி வந்தேன். அவர் வேறு எதுவும் செய்யவில்லை, என் தலையைப் பிடித்து அதன் விலாவோடு சேர்த்து வைத்து, "காதைக் கொடு சாமி, என்ன கேக்குது?" என்றார். ஒன்றும் கேட்கவில்லை. "அதான் பயம், நல்ல வயிறு எப்பவும் கடமுடன்னு பேசிக்கிட்டே இருக்கும், டாக்டரைக் கூப்பிடு" என்றார். விடியற்காலையில் டாக்டர் வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டு, ஊசி போட்டு, எட்டு மணிக்கு அது முதல் லத்தி போட்டபோது நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

திப்பி மாட்டுக்குச் சரி, குதிரைக்கு ஏன் ஆகாது என்று டாக்டர் அன்றைக்கே விளக்கினார். மாட்டுக்கு நார் புளிக்கிற தொட்டி முன்னால் இருக்கிறது, குதிரைக்குப் பின்னால், பெருங்குடலில் இருக்கிறது. அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்க வைத்துத்தான் குதிரைக்குத் தெம்பு வருகிறது. மாவுச்சத்து அளவோடு இருந்தால் சிறுகுடலிலேயே செரித்துவிடும், ஒரே வேளையில் அதிகமாகப் போனால் மிச்சம் பின்னால் வழிந்து, புளித்து, அமிலமும் வாயுவுமாக மாறி, நார் தின்கிற நல்ல நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். வயிற்றோடு நிற்காமல் குளம்பு சூடேறி நொண்டுவதும் இதனால் வரும். குதிரைக்கு வாந்தி எடுக்கவும் முடியாது, உள்ளே போனது போனதுதான்.

சரி, தீனிக்கு வருவோம். உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு காய்ந்த புல்லோ அதற்குச் சமமான பச்சையோ தினமும் வேண்டும். 300 கிலோ குதிரைக்கு நாலரை முதல் ஆறு கிலோ காய்ந்த புல், பச்சையாகக் கொடுத்தால் அதில் பெரும்பங்கு தண்ணீர்தான் என்பதால் நாலைந்து மடங்கு எடை வேண்டும். நம் ஊரில் அருகம்புல்லுக்கு மேல் நல்ல புல் கிடையாது என்பது என் எண்ணம். நான் வரப்பில் அறுத்து நிழலில் காய வைத்து, ராத்திரிக்குச் சின்னக் கண் வலையில் கட்டித் தொங்க விடுகிறேன், கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துத் தின்று விடியும்வரை ஓட்டும். நிலக்கடலைக் கொடி நல்லதுதான், ஆனால் பூஞ்சை வாடை லேசாக அடித்தால்கூடக் குப்பையில் போடுங்கள்.

கோ-4, கோ-5 கம்பு நேப்பியர் என்கிற ஒட்டுத் தீவனப் புல் எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறது, சுலபமாகக் கிடைக்கிறது என்று அதை மட்டுமே போடாதீர்கள். அதிலும் கொழுக்கட்டைப் புல்லிலும் ஆக்சலேட் அதிகம், அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மாதக்கணக்கில் அதையே தின்றால் குதிரையின் முக எலும்பு வீங்க ஆரம்பிக்கும். நீங்கள் வைக்கிற தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்பு குறைவு, அது இந்தக் குறையை இன்னும் கூட்டும். இதற்குக் குதிரைமசால் என்கிற லூசர்ன் தீவனம் ஒரு கை சேர்த்தால் நல்லது. பேரிலேயே குதிரை இருக்கிறது, சுண்ணாம்புச் சத்து நிறைய, இரைப்பை அமிலத்தையும் கொஞ்சம் அடக்கும். சவுண்டல் (சூபாபுல்) தழை வேண்டாம், பிடரியும் வாலும் கொட்டிவிடும்.

கொள்ளை விட வேண்டியதில்லை. ஊற வைத்து, வேக வைத்து, ஒரு நாளைக்கு அரைக் கிலோ, அதையும் இரண்டாகப் பிரித்து, புல் தின்ற பிறகு வையுங்கள். வெறும் வயிற்றில் வைக்காதீர்கள். கல் உப்பு தினமும் 30 கிராம் அளவுக்கு. தண்ணீர் எந்நேரமும். நம் சித்திரை வெயிலில் 30 லிட்டருக்கு மேல்கூடக் குடிக்கும், லத்தி கல் மாதிரி வருவதற்கு முக்கால்வாசி தண்ணீர் போதாததுதான் காரணம்.

இப்போது மூலிகை. வெந்தயம் ஒரு ஸ்பூன் தூவினால் தீனி தின்னாத குதிரைகூட வாசனைக்கு வந்து தின்னும், அதற்காக மட்டும் நான் வைக்கிறேன், புண்ணை ஆற்றும் என்று சொல்ல மாட்டேன். பெருஞ்சீரகமும் அப்படியே. ஆளிவிதை வேக வைத்தால் வழவழப்பான கஞ்சி வரும், அதைக் கொள்ளோடு கலக்கலாம். கற்றாழையில் சோறு மட்டும் எடுங்கள், தோலுக்குக் கீழே இருக்கிற மஞ்சள் பால் கடுமையான பேதி மருந்து. பூண்டு நல்லது என்று பலர் சொல்வார்கள், தினமும் நிறைய கொடுத்தால் ரத்தச் சிவப்பணு உடையும், வெங்காயமும் அதே கதை, இரண்டையும் நான் தொடுவதில்லை. இரைப்பைப் புண் நிஜமாகவே இருந்தால் டாக்டர் எழுதித் தருகிற ஒமிப்ரசோல்தான் மருந்து, இலை தழையை நம்பி நாள் கடத்தாதீர்கள். குடல் பூச்சிக்கும் வேப்பிலை போதாது, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மாதிரி இடத்தில் லத்தியைப் பரிசோதித்து மருந்து கேளுங்கள்.

இன்னும் ஒன்று, நாமக்கல் பக்கத்தில் இருப்பதால் கோழித் தீவனம் நமக்கு எளிதாகக் கிடைக்கும். ஒரு கைப்பிடிகூட வேண்டாம். அதில் கலக்கிற மொனென்சின், சாலினோமைசின் என்ற மருந்துகள் குதிரையின் இதயத்தை நிறுத்திவிடும். மாட்டுத் தீவனத்திலும் சிலதில் மொனென்சின் உண்டு. ஆமணக்குக் கொட்டையும், பனமரத்துப்பட்டி பக்கம் தோட்டம் தோட்டமாக இருக்கிற அரளியும், காய்ந்த இலையாக இருந்தாலும் உயிருக்கு ஆபத்து.

ராத்திரியில் வயிறு வலித்தால் எண்ணெயையோ கஷாயத்தையோ பாட்டிலில் ஊற்றி வாயில் திணிக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். தாடைக்குக் கீழே விரல் வைத்து நாடியை எண்ணுங்கள். நிதானமாக நிற்கிற குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும், 60ஐத் தாண்டினால் டாக்டருக்கு அந்த எண்ணைச் சொல்லிக் கூப்பிடுங்கள், அவர் கிளம்புகிற வேகமே வேறாக இருக்கும்.

நாளைக்கே எல்லாவற்றையும் மாற்றிவிடாதீர்கள், புதுப் புல்லைப் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள், உள்ளே இருக்கிற நுண்ணுயிர்களும் பழக வேண்டும். அதற்குள் ஒரு காரியம் செய்யுங்கள். இன்றைய லத்தியில் நாலு உருண்டை எடுத்து ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, பத்து நிமிடம் விட்டு, மேல் தண்ணீரை மெதுவாகக் கொட்டி, அடியில் கை விட்டுப் பாருங்கள். செம்மண்ணும் மணலும் நறநறவென்று கையில் பட்டால் தீனியைத் தரையில் போடுகிறீர்கள் என்று அர்த்தம், தொட்டிக்கு மாற்றிவிட்டு இசப்கோல் எவ்வளவு நாள் கொடுக்கலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள். என்ன வந்தது என்று இங்கேயே எழுதுங்கள், பார்க்கிறேன்.