அப்பாவின் ஏலக் கேட்டலாக்குகள்

கேள்வி: மும்பை மாட்டுங்காவில் வசிக்கிறேன். நாணயச் சேகரிப்பிலேயே முப்பது ஆண்டுகளைக் கழித்த என் தந்தை சென்ற ஆண்டு காலமானார். நாணயங்கள் அண்ணனிடம் இருக்கின்றன. பரணில் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய நாணய ஏலக் கேட்டலாக்குகள், அதாவது ஏலத்துக்கு வரும் நாணயங்களைப் படத்தோடு பட்டியலிடும் புத்தகங்கள், கிடக்கின்றன. பல பக்கங்களின் ஓரத்தில் அப்பா பென்சிலால் எழுதியிருக்கிறார்; ஒரு ரூபாய் நாணயத்தின் படத்துக்கு எதிரே "600. விட்டுவிட்டேன்" என்று இருக்கிறது. மழைக்கு முன் பழைய பேப்பர் வாங்கும் ரத்திவாலாவிடம் போட்டுவிடலாம் என்கிறான் மகன். என்ன செய்யட்டும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, ரத்திவாலாவை இப்போதைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்தக் கேட்டலாக்கின் மற்றப் பிரதிகள் எங்காவது கிடைக்கக்கூடும், "600. விட்டுவிட்டேன்" என்ற வரி உங்கள் வீட்டுப் பிரதியில் மட்டுமே இருக்கிறது. அந்த நாணயம் 600 ரூபாய்க்குப் போனதா, அதற்கு மேல் கேட்க மனமில்லாமல் அப்பா விலகினாரா என்பது, கூடவே வந்திருக்கக்கூடிய விலைத்தாளைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஏலம் முடிந்த பின் எந்த லாட் (ஏலத்தில் தனி எண் கொடுத்து விற்கும் பொருள்) என்ன விலைக்குப் போனது என்று தனித்தாளில் அச்சிட்டு அனுப்புவது வழக்கம். கேட்டலாக்கில் இருப்பது எதிர்பார்ப்பு விலை. உண்மை விலை அந்தத் தாளில்தான் இருக்கும். ஆகவே பெட்டியைத் திறந்ததும் உறைகளையும் உதிரித் தாள்களையும் குப்பை என்று ஒதுக்காமல், தேதி பார்த்து அந்தந்தக் கேட்டலாக்கினுள் வையுங்கள்.

இவ்வளவு கவனம் எதற்கு என்றால், பழைய நாணயங்கள் கையால் அடிக்கப்பட்டவை. ஒரே அச்சில் அடித்த இரண்டுகூட ஒன்றுபோல் இருப்பதில்லை. விளிம்பில் ஒரு வெடிப்பு, ஒரு பக்கம் சரிந்து விழுந்த அச்சு, முகலாய வெள்ளி ரூபாயானால் பணம் மாற்றும் சராபுகள் சோதித்துக் குத்திய சிறு முத்திரைகள், இவற்றை வைத்து நாற்பது ஆண்டுக்கு முந்தைய கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பது இன்று கையில் உள்ள நாணயம்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியும். நாணயத்தின் பூர்விகத்தை அறியவும், அண்மையில் செய்த போலியையோ களவு போன பொருளையோ அடையாளம் காணவும் ஆய்வாளர்கள் இந்தப் படங்களைத்தான் புரட்டுகிறார்கள். எகிப்து மன்னர் ஃபரூக்கின் சேகரிப்பை 1954இல் கெய்ரோவில் சோதபீஸ் ஏல நிறுவனம் ஏலம் விட்டபோது வந்த கேட்டலாக்கை இன்றும் தேடி வாங்குவோர் உண்டு.

அண்ணனையும் ஒருநாள் அழையுங்கள். அவரிடம் உள்ள நாணயங்களில் எவை எந்த ஏலத்தில் வாங்கியவை என்பது கேட்டலாக்கில் இருந்தால், அந்த லாட் எண்ணை நாணய உறையின் மேல் எழுதச் சொல்லுங்கள். நூறு ஆண்டு கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. எப்போது, எங்கே வாங்கியது என்று காட்டும் அச்சுச் சான்று கையில் இருப்பது குடும்பத்துக்கு நல்லது.

படங்களை மட்டும் வெட்டி எடுத்து வைக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் ஒருமுறை நான் ஆசையாக வாங்கிய கேட்டலாக்குக் கட்டு ஒன்றில் படத்தாள்கள் அத்தனையும் கத்தரித்து எடுக்கப்பட்டிருந்தன. எஞ்சியிருந்த லாட் எண்களால் எனக்கோ வேறு எவருக்கோ ஒரு பயனும் இல்லை. அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

விற்றால் பெரிய தொகை வரும் என்று நான் சொல்லமாட்டேன். அண்மைக் காலக் கேட்டலாக்குகளில் பல இணையத்திலேயே வண்ணப் படங்களோடு கிடைக்கின்றன. குறிப்பு எதுவும் இல்லாத அத்தகைய பிரதிகளைப் புதிதாகச் சேகரிக்கத் தொடங்கும் மாணவர்களுக்குத் தாராளமாகக் கொடுங்கள். அப்பாவின் கையெழுத்து உள்ளவற்றையும், ஒரே நிறுவனத்தின் வரிசையாக இருப்பவற்றையும் பிரிக்க வேண்டாம். நிறுவனம், ஏலத் தேதி, விலைத்தாள் உண்டா, பென்சில் குறிப்பு உண்டா என்று ஒரு நோட்டில் பட்டியலிட மகனை உட்கார வையுங்கள். எழுதத் தொடங்கினால் அவருக்கே தாத்தாவின் மனம் புரியும். அந்தப் பட்டியலோடு மும்பைப் பல்கலைக்கழகத்தின் கலீனா வளாகத்தில் நாணயவியல் கற்பிக்கும் துறையையோ, நாசிக் அருகே அஞ்சனேரியில் உள்ள நாணயவியல் ஆய்வு நிறுவனத்தையோ அணுகுங்கள். ஏற்றுக்கொள்வார்களா என்று முதலில் எழுதிக் கேளுங்கள். தொகுப்பு அப்பாவின் பெயரிலேயே இருக்க வேண்டும் என்பதையும் அப்போதே தெரிவித்துவிடுங்கள்.

இவை முடியச் சில மாதங்கள் ஆகலாம். ஆனால் பெட்டிகளைப் பரணிலிருந்து ஜூன் பிறக்கும் முன்பே இறக்கிவிட வேண்டும். துருப்பிடித்த ஸ்டேப்பிளரின் பின்களை மெல்லக் கழற்றுங்கள், செல்லோ டேப் ஒட்டாதீர்கள், வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் நிற்க வைத்து அடுக்குங்கள். படங்கள் அச்சாகும் வழவழப்பான தாள் ஒருமுறை நனைந்து காய்ந்தால் பக்கத்துப் பக்கம் பசைபோல் ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் படமும் பென்சில் எழுத்தும் சேர்ந்தே உரிந்து வந்துவிடும்.