டிஜிட்டல் கமராவை வருடா வருடம் சேர்விசுக்குக் கொடுக்கவேண்டுமா?

பழுதில்லாத கமராவையும் மோட்டார் சைக்கிள் போலக் காலம் தவறாமல் சேர்விஸ் செய்யவேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தேவையில்லை. ஒயில் மாற்ற அதில் ஒன்றுமில்லை. ஆனால் திருகோணமலையில் இருப்பவர் துப்புரவைத் தள்ளிப்போடவே கூடாது.

இங்கே முதல் எதிரி உப்பு. நிலாவெளியிலோ கோணேசர் கோயில் மலையிலோ படமெடுத்துவிட்டு வந்தால், அன்றிரவே நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த மென்துணியால் உடலையும் லென்ஸ் வளையங்களையும் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். கண்ணாடியில் மணல் இருக்கத் துடைத்தால் கீறும். முதலில் புளோவரால் (கையால் அமுக்கிக் காற்றடிக்கும் ரப்பர் குமிழ்) ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும்.

மாரியில் பூஞ்சணம். ஈரப்பதன் 60 சதவீதத்துக்கு மேல் நாட்கணக்காக நின்றால் லென்சுக்குள் சிலந்திவலை போலப் படரத் தொடங்கும்; முற்றினால் கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். தோல் பையில் பூட்டிவைக்காமல், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாப் பெட்டியில் வையுங்கள். மாமா ஆசையாக வாங்கிய லென்ஸ் ஒன்று அலுமாரிக்குள் இருந்தே அப்படிப் போனது. எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

லென்சுக்குப் பின்னால் ஒளியைப் பதியும் சென்சரில் தூசியா என்றறிய, லென்சின் துவாரத்தை எஃப் 16 அளவுக்குச் சுருக்கி வெறும் வானத்தைப் படமெடுத்துப் பாருங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால், லென்சைக் கழற்றி, கமராவைக் கவிழ்த்துப் பிடித்துப் புளோவரால் ஊதுங்கள். போகாவிட்டால் மட்டும் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கடல்நீரில் விழுந்தால் கதை வேறு: பட்டரியை உடனே கழற்றுங்கள், போட்டுப் பார்க்காமல் அன்றே திருத்துநரிடம் கொண்டுபோங்கள்.