பளபளக்கும் உலோகக் கார் பாகங்களில் இருக்கும் லோகோவைப் பளபளப்பு கெடாமல் எடுக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். ஆனால் உப்புத்தாளைக் கையில் எடுக்கும் முன் லோகோ மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் எங்கேயும் தட்டவில்லை என்றால் அது அச்சடித்த மையாகவோ லேசர் தடமாகவோ இருக்கும். நகம் உள்ளே இறங்கினால் பொறித்தது. வார்ப்பிலேயே மேடாக நின்றால் முதலில் அரம் போட்டுத்தான் ஆக வேண்டும்.

அடுத்து, அது என்ன உலோகம்? நான் கோட்டை விட்டது இங்கேதான். சைலன்சர் முனையில் இருந்த லோகோ பிடிக்காமல், எவர்சில்வர்தானே என்று 600 நம்பர் வாட்டர் பேப்பரை, அதாவது தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளை, வைத்துத் தேய்த்தேன். ஐந்து நிமிடத்தில் லோகோ போயிற்று, கூடவே குரோமும் போயிற்று. அடியில் இருந்த நிக்கல் லேசான மஞ்சளாக எட்டிப் பார்த்தது. தலைமுடியே சுமார் 70 மைக்ரான் தடிமன் என்றால், அழகுக்காகப் பூசும் குரோம் பெரும்பாலும் ஒரு மைக்ரான்கூட இருக்காது, அதைத் தேய்த்துவிட்டால் எந்த பாலிஷாலும் திரும்பக் கொண்டுவர முடியாது, மறுபடி முலாம் போடத்தான் வேண்டும். நான் கடைசியில் அந்தக் குழாய்க்குச் சூடு தாங்கும் கருப்பு பெயிண்ட் அடித்துவிட்டேன்.

அதனால் ஓரமாக, கண்ணில் படாத இடத்தில் மெட்டல் பாலிஷை வெள்ளைத் துணியில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். துணி சட்டென்று கருத்தால் பெரும்பாலும் பூச்சில்லாத வெறும் அலுமினியம், தாராளமாக வேலை செய்யலாம். சுத்தமாகவே இருந்தால் மேலே குரோமோ கிளியர் கோட்டோ (நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு) இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். காந்தம் ஒட்டுகிறது, அதனால் குரோம் பூசிய இரும்புதான் என்று முடிவு கட்ட வேண்டாம், சில வகை எவர்சில்வரிலும் அது ஒட்டும்.

ஸ்டிக்கர் என்றால் ஹேர் டிரையரில் சூடாக்கித் தூண்டில் நரம்பால் அறுத்து எடுங்கள், மிச்சப் பசைக்கு மண்ணெண்ணெய் போதும். மைக்கு அசிட்டோன், ஆனால் கிளியர் கோட் மேல் அதைப் போட்டால் கோட்டும் சேர்ந்து வெளுத்துப் போகும். எவர்சில்வரில் லேசர் தடம் பல நேரம் மேலாக நிற்கும் ஆக்சைடு நிறம்தான், பாலிஷ் வைத்துப் பொறுமையாகத் தேய்த்தாலே மங்கும்.

பொறித்த லோகோதான் உண்மையான வேலை. 400 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 600, 800, 1000, 1500, 2000 என்று நைசான தாளுக்குப் போங்கள், சோப்புத் தண்ணீர் தொட்டுக்கொண்டே. ஒவ்வொரு நம்பருக்கும் தேய்க்கும் திசையைக் குறுக்காக மாற்றுங்கள், முந்தைய கீறல் எல்லாம் மறைந்த பிறகுதான் அடுத்த தாள். இதில் அவசரப்பட்டால் பஃப் அடித்த (சுழலும் துணிச் சக்கரத்தில் மெருகேற்றிய) பிறகு கீறல்கள் பல்லிளிக்கும். அப்புறம், லோகோ இருக்கும் இடத்தை மட்டும் தேய்க்காதீர்கள். என் டேப்பெட் கவரில் (எஞ்சினின் மேல் மூடி) அப்படிச் செய்து, எழுத்து சுத்தமாகப் போய்விட்டது, ஆனால் மேலே எரியும் டியூப்லைட்டின் பிம்பம் சரியாக அந்த இடத்தில் வந்ததும் வளைந்து நெளிந்தது. பள்ளம் கைக்குத் தெரியவில்லை, கண்ணுக்குத் தெரிந்தது. தாளைக் கட்டையில் சுற்றி, அந்தப் பரப்பு முழுவதையும் சமமாக இறக்கிய பிறகுதான் சரியானது. கடைசியில் துணிச் சக்கரத்தில் காம்பவுண்ட் (மெருகேற்றும் பசை) போட்டுப் பஃப் அடித்தால் முடிந்தது. சக்கரம் ஓரத்தில் கவ்வினால் பாகத்தையே பிடுங்கி வீசும், ஆகவே கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

குரோமில் ஆழமாகப் பொறித்திருந்தால் விட்டுவிடுங்கள், லோகோ இல்லாத பாகம் வாங்குவதே லாபம். நிறம் ஏற்றிய அனோடைஸ் பாகமும் (மின்முறையில் ஆக்சைடு படலம் ஏற்றிய அலுமினியம்) அப்படித்தான், தேய்த்த இடம் வெள்ளையாகத் தனியே நிற்கும். வீல், பிரேக் பாகங்களில் உள்ள எழுத்துகள் பல நேரம் லோகோ அல்ல, அளவும் தாங்கும் எடையும். எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் பக்கம் போகவே வேண்டாம்.