பலகை இருக்கட்டும், முதலில் டெக்குக்கு அடியில் பாருங்கள்

கேள்வி: எங்கள் வீடு நியூ ஜெர்சி, எடிசனில். 1998-ல் கட்டியது, பின்பக்கம் வீட்டோடு ஒட்டிய திறந்த மரத்தளமான டெக்கும் அப்போது போட்டதுதான். பலகை வெடித்துச் சிலாம்பு எழும்பிக் கிடக்கிறது, பிள்ளைகள் வெறுங்காலோடு போக முடியவில்லை. திரும்பத் திரும்ப ஸ்டெயின் என்ற மரப்பூச்சு அடித்தும் அலுத்துவிட்டது. காம்போசிட் போடலாம் என்று கேட்டால், வந்து பார்த்த கான்ட்ராக்டர் "கீழ்ச் சட்டம் நல்லாத்தான் இருக்கு, மேல் பலகையை மட்டும் மாத்தினா போதும்" என்கிறார். நம்பலாமா?

பதில்: அடியில் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாரா, மேலே நின்றபடியே சொன்னாரா? அதைப் பொறுத்தது. காம்போசிட் என்பது மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் கலந்து வார்த்த பலகை. உளுக்காது, சிலாம்பு எழும்பாது, எல்லாம் சரி, ஆனால் எடையைத் தாங்குவது அது இல்லை, அடியில் இருக்கிற ஜாயிஸ்ட் என்ற மரக்கட்டைகள்தான். நல்ல பலகைக்கு 25 வருஷ வாரண்டி தருகிறார்கள், உங்கள் சட்டத்துக்கோ ஏற்கெனவே அதைவிட வயது கூடிவிட்டது.

ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு நீங்களே அடியில் போய்ப் பாருங்கள். ஜாயிஸ்டின் மேல்விளிம்பில், பழைய ஆணி இறங்கிய இடங்களில், படிக்கட்டு மண்ணைத் தொடும் இடத்தில் குத்திப் பாருங்கள். முனை சுலபமாக உள்ளே போனால் அந்தக் கட்டை போச்சு. அப்புறம் வீட்டுச் சுவரோடு ஒட்டி ஒரு நீளக்கட்டை ஓடும், லெட்ஜர் என்பார்கள். டெக் இடிந்து ஆள் விழும் விபத்துகளில் பெரும்பாலும் கழன்று வருவது இதுதான். அது வெறும் ஆணியில் நிற்கிறதா, போல்ட் போட்டிருக்கிறதா, சுவருக்கும் அதற்கும் நடுவே தண்ணீர் இறங்காமல் தகடு வைத்திருக்கிறதா என்று பார்க்காமல் பலகைக்குக் கலர் தேர்ந்தெடுக்க உட்காராதீர்கள்!

இடைவெளியையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். ஒரு ஜாயிஸ்டின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 16 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, பலகையைக் குறுக்குச் சாய்வாகப் போடுவதானால் 12 அங்குலம். தடித்த மரப்பலகைக்காக 24 அங்குலத்தில் போட்ட பழைய சட்டங்கள் உண்டு, அதன்மேல் காம்போசிட்டைப் போட்டால் நடக்க நடக்கத் தொய்யும். இது எல்லாம் தேறினால் உங்கள் கான்ட்ராக்டர் சொன்னது சரி, ஜாயிஸ்டின் மேல்விளிம்பில் தண்ணீர் இறங்காமல் ஒட்டும் பசை டேப்பை மட்டும் கேட்டு வாங்கி ஒட்டச் சொல்லுங்கள். தேறாவிட்டால் சட்டத்தையும் புதிதாகப் போடுவதுதான் மலிவு, ஏனென்றால் காம்போசிட் பலகை, உளுக்காமல் இருக்க மருந்தேற்றிய சாதாரண மரத்தைவிட இரண்டு மூன்று மடங்கு விலை, அதைப் போட்டு ஐந்தாறு வருஷத்தில் மறுபடி பிரிப்பது யாருக்கு வேண்டும்? டவுன் அலுவலகத்தில் பெர்மிட் வேண்டுமா என்றும் விசாரித்துவிடுங்கள். "அதெல்லாம் எதுக்கு சார்" என்று சொல்கிற ஆள் எனக்குச் சரியாகப் படுவதில்லை.

இன்னொன்று. 2003 முடியும் வரை அமெரிக்காவில் வீட்டு டெக் மரத்துக்குப் பெரும்பாலும் ஆர்சனிக் கலந்த மருந்துதான் ஏற்றினார்கள், உங்களுடையதும் அதுவாக இருக்கலாம். பிரித்த கட்டைகளைக் குளிர்காயக் கொளுத்திவிடாதீர்கள், அறுக்கும்போது மாஸ்க் போடச் சொல்லுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

வெயிலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்: கறுப்பும் கரும்பழுப்பும் ஜூலை மதியத்தில் கால் வைக்க முடியாமல் சுடும். பிள்ளைகள் வெறுங்காலோடு ஓட வேண்டும் என்றால் வெளிர் நிறம் எடுங்கள்.

கேள்வி: டொராண்டோ, ஸ்கார்பரோவில் இருக்கிறோம். வீட்டுக்குள் மணக்கும் என்று மீன் பொரிப்பது எப்போதும் டெக்கில்தான். காம்போசிட் அதைத் தாங்குமா?

பதில்: மேலே பிளாஸ்டிக் உறை போட்டு வருகிற பலகையாகப் பார்த்து வாங்குங்கள், உறை இல்லாததில் எண்ணெய் உள்ளே இறங்கிவிடும். சிந்தினால் அன்றைக்கே சோப்புத் தண்ணீர் விட்டுத் துடையுங்கள். கறையைவிட எனக்குச் சூடுதான் பயம், அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியை நேரே வைத்தால் பலகை உருகித் தடம் விழும், அதற்குச் சட்டி உட்காரும் அளவு மரப்பலகை ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். அடுப்புக்குக் கீழே விரிப்புப் போடுங்கள், ரப்பர் அடி வைத்தது மட்டும் வேண்டாம், நிறம் மாறிப்போகும். பனி அள்ள இரும்பு மண்வெட்டி எடுக்காமல் பிளாஸ்டிக்கில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.